இரண்டு கிடாவுக்கு ஒரு சாட்சி

பல்லேகமவில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த காட்டைத் துப்புரவாக்கிச் செம்மறிப் பட்டி போட்டவன் நான். யானை வந்து வேலியைத் தள்ளியது, திரும்ப நட்டேன். மறுபடியும் தள்ளியது, பழைய தண்டவாளத் துண்டுகளை வாங்கி ஊன்றினேன். பிறகு யானை வேறு வழி பார்த்துக்கொண்டது. தண்ணீர் வராது என்று சொன்ன இடத்தில் கிணறு வெட்டினேன், வந்தது. பஸ் வராத ஊரில் ஆடு வாங்க யார் வருவார் என்று சிரித்தார்கள். இன்றைக்குக் குருநாகலிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் லொறி வந்து என் வாசலில் நிற்கிறது. என் பட்டியில் பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் காதில் தகடு உண்டு. தாய் தகப்பன் யார், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று மேலே மேலே போகிற பதிவும் உண்டு. இத்தனையும் செய்தவன் தோட்டப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். படித்தவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் வாசித்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஆடு வளர்ப்போர் சங்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். “உங்க ஆட்டோட இனம் இவ்வளவு சுத்தமா இருக்கிறதுக்கு, அந்தக் காலத்துத் தோட்டத் தொரை ஒருத்தர் ஒழுங்கா பதிஞ்சு வச்சதுதான் ஐயா காரணம்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொன்னார். “பதிஞ்சது அவரு. அவருக்குச் சொன்னது யாரு?” என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரத்தோட்டைக்கு மேலே, நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். கல் உருண்டு விழுந்து அப்பாவின் கால் நசுங்கியிருந்தது. மலையேறிக் கொழுந்து மூட்டை தூக்க முடியாதவருக்குத் துரை தன் ஆட்டுப் பட்டியைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். பட்டிக்குப் பக்கத்திலேயே நாங்கள் குடியிருக்க ஒரு காம்பரா. அந்த வேலை போனால் காம்பராவும் போய்விடும். அது எனக்குக்கூடத் தெரியும்.

துரைக்குச் செம்மறி என்றால் பைத்தியம். இரண்டு கிடா வைத்திருந்தார். ஒன்று தோட்டத்திலேயே பிறந்தது, மற்றது கப்பலில் வந்தது. பெட்டை ஆடுகளோடு விடுவதற்கு முன்னால் ஒரு கிடாவின் நெஞ்சில் சிவப்புச் சாயமும் மற்றதன் நெஞ்சில் நீலச் சாயமும் பூசுவார்கள். எந்தப் பெட்டையின் பின்புறத்தில் எந்த நிறம் ஒட்டியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் பிறக்கப்போகும் குட்டிக்குத் தகப்பன் யார் என்று துரை பதிவார். இந்த விஷயம் துரைக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவர்கள் சொல்லவில்லை.

ஆடுகளைப் புல்லுக்கு ஓட்டிப் போகிறவன் நான். அந்த மலையில் தேயிலையைத் தவிர பார்ப்பதற்கு வேறு என்ன இருந்தது? கிடா பெட்டையின் மேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மா கண்டால் முதுகில் ஒன்று வைப்பார். “அதப் போயி வாயப் பொளந்துகிட்டு பாக்குறியே, வெக்கங்கெட்ட பயலே!” என்பார். அடி வாங்கிக்கொண்டும் பார்த்தேன்.

அந்த வருடம் மாட்டுப் பொங்கலன்று என் மாமா, அம்மாவின் தம்பி, வந்திருந்தார். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். மாமா பட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்னா மருமவனே, தொர ஆடெல்லாம் பின்னால சாயத்த அப்பிக்கிட்டு நிக்குது? நல்ல நாளும் அதுவுமா அசிங்கமா இல்ல?”

“மாட்டுக்குத்தானே மாமா பொங்கல்?”

“நமக்கு மாடு எங்கடா இருக்கு? இருக்கிறதுக்குத்தான் வைக்கணும்.”

அம்மாவின் வாசனைச் சோப்பை மாமா எடுத்துக்கொண்டார். ஆடுகளை ஓடைக்கு ஓட்டினோம். ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்தோம். சாயம் கரைந்து ஓடியது. பிறகு முதுகு முழுவதும் மஞ்சள், நெற்றியில் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. ஆடுகள் எல்லாம் கல்யாணப் பெண்கள் மாதிரி வரிசையாக நின்றன. லட்சணமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பா வந்து பார்த்தார். மாமாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் துரை வந்தார். ஒரு பெட்டையின் பின்புறத்தை மோந்து பார்த்தார். சோப்பு வாசனை. முகம் சிவந்துவிட்டது.

“சாயம் எங்கே? பொறக்கப்போற குட்டிக்கெல்லாம் அப்பா யாருன்னு நான் எப்படி எழுதுறது? பொய் எழுதவா? பதிவு இல்லாத ஆடு எனக்கு வேணாம். எல்லாத்தையும் கசாப்புக்குக் குடுத்துட்டு பட்டிய இழுத்து மூடப்போறேன். நீ வேற எடம் பாரு.”

“தொரை, நல்ல நாளுன்னு தெரியாம செஞ்சிட்டாங்க, தொரை” என்று அப்பா கும்பிட்டார். அப்பா அப்படிக் கும்பிட்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“ஒனக்கு என்னடா தெரியும்?” என்று துரை திரும்பினார்.

காது கிழிந்த பெட்டை ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். “இது கப்பல் கிடாவோட சேந்தது. கோயிலுக்குக் கொடி ஏத்துன அன்னைக்கு.” அடுத்ததைக் காட்டினேன். “இது நம்ம கிடாவோட.” இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நெற்றியில் சுட்டி உள்ள பெட்டையிடம் வந்தபோது, “இதுக்கு ரெண்டும்” என்றேன்.

பெண்கள் பக்கம் பெரிய கூச்சல். துரை மட்டும் சிரிக்கவில்லை. அதன் பின்புறத்தில் சிவப்பும் நீலமும் சேர்ந்து இருந்ததை, பொங்கலுக்கு முன்னால் பட்டியைச் சுற்றி வந்தபோது அவரே பார்த்திருந்தாராம். பொய் சொல்கிறவன் ஏதாவது ஒரு கிடாவைச் சொல்லிவிட்டுப் போயிருப்பான். துரை பேனாவைத் திறந்தார். சுட்டி ஆட்டை ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். பட்டி தப்பியது. அப்பாவின் வேலையும் தப்பியது. பிற்காலத்தில் தோட்டம் கைமாறியபோது அந்த ஆடுகளின் வழியில் வந்தவற்றைத்தான் நான் ஏலத்தில் எடுத்தேன். ஈர மலையில் செம்மறிக்குக் குளம்பு அழுகும் என்று கண்டு, காய்ந்த மண் தேடிப் பல்லேகமவுக்கு ஓட்டி வந்தேன்.

அந்தப் பொங்கல் மாதமே, இந்த நாட்டு ஆள்தானா என்று பார்க்கும் பிரஜாவுரிமை விசாரணைக்கு அப்பாவை மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனவர் சாயங்காலம் சும்மா திரும்பினார். “எங்கப்பா இந்த மலையிலதான் பொறந்தாருன்னு சொன்னேன். வாயால சொன்னா ஆவாதாம், பதிஞ்ச கடுதாசி வேணுமாம்” என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்த நேரம். “நான் வாயால சொன்னத தொரை எழுதிட்டாரே!” என்றேன்.

அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “ஆட்டுக்குச் சாட்சி சொன்னியே. எனக்கும் வந்து சொல்லியிருக்கலாமேடா.”

“தாத்தாவ நான் பாத்ததே இல்லையேப்பா. பாக்காதத எப்பிடிச் சொல்றது?”

அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். நான் நல்ல பகிடி விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பிரஜாவுரிமை கிடைக்காமலேயே அவர் கண்ணை மூடினார்.

சங்கத்துத் தம்பிக்குச் சொல்கிறேன். மலரில் துரையின் படத்தைப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதியவர் அவர். பக்கத்தில், சொன்னவன் இவன் என்று என் பெயரை அதே பருமனில் போடுங்கள். இன்னாரின் மகன் என்று என் அப்பாவின் பெயரைப் போடுங்கள். இன்னாரின் பேரன் என்று அவருடைய அப்பாவின் பெயரையும் போடுங்கள். அதற்கு யாராவது சாட்சி கேட்டால் பல்லேகமவுக்கு வரச் சொல்லுங்கள். வாயால்தான் சொல்வேன், எழுதிக்கொள்ளட்டும்.