அக்கா வைத்த பிடிமானப் பரீட்சை

எங்கள் அக்காவுக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. பாவம், வேலை அப்படி. டிஎன்ஏ என்ற நீண்ட முறுக்குக் கயிற்றில் தனக்குரிய சின்ன எழுத்துவரிசையைத் தேடிப் பிடித்து, பக்கத்து மரபணுவை முடுக்கிவிடும் புரதங்கள் உண்டாம். முறுக்கைப் பிரிக்காமல், புரிகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தைத் தடவியே அடையாளம் கண்டுவிடுமாம். அவை சரியான இடத்தைத்தான் பிடிக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அக்காவுக்குச் சம்பளம். சோதனைக் குழாயில் வேண்டாத டிஎன்ஏவை அள்ளிக் கொட்டுவாள். அதையும் மீறிப் புரதம் உரியதைப் பிடித்தால், உப்பை ஏற்றுவாள். சும்மா ஒட்டியது கழன்றுவிடும்.

அத்தான் அவளை விட்டுப் போன பிறகு மனிதர்களையும் இப்படித்தான் பார்க்கத் தொடங்கினாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னதும் அப்பா, "அக்கா சரின்னா சரி" என்று கழன்றுகொண்டார். என் கல்யாணம் அந்தக் கிறுக்கின் கையில்!

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக வரிசையில் நின்றார்கள். ஆள் போதாமல் வாட்ச்மேனையும் நிறுத்தியிருந்தாள். கடைசியில் அவளும் நானும். நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கண்ணைக் கட்டினாள்.

"உறையைக் கழட்டக் கூடாது. தடவியே இவளைக் கண்டுபிடிங்க."

"சரிங்கக்கா" என்றார் அந்த அப்பாவி.

வாட்ச்மேனின் கையைத் தொட்டதுமே, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று நகர்ந்தார். ஒவ்வொரு கையாகத் தொட்டு, விட்டு, அக்காவிடம் வந்ததும் இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கையும் என் கையும் அச்சு அசல் ஒன்று, சுண்டுவிரல் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் வளைந்திருக்கும். அவர் விரல் அதுவரை போனது.

"ஐயோ, இது அவ இல்லீங்க."

அடுத்தது நான். "இவதான்!"

அதோடு விட்டாளா? "உப்பு!" என்று ஒரு மக்கு உப்புத் தண்ணீரை எங்கள் கைகளில் ஊற்றினாள். பிறகு இன்னும் கெட்டியாக ஒரு மக்கு. அது தெறித்து என் கண்ணில் விழுந்தது. எரிச்சல் தாங்காமல் கையை உருவிக்கொண்டேன்.

"கழண்டுடுச்சு" என்றாள்.

"நான்தான் எடுத்தேன்! கண்ணு எரியுதுடி, பாவி!"

"யார் விட்டா என்னடி? கழண்டது கழண்டதுதான்."

ஆத்திரத்தில் அழுதுவிட்டேன். அக்கா ஒரு கையால் என் வாயைப் பொத்தி வரிசையின் நடுவுக்கு இழுத்துப் போனாள். அவர் சொட்டச் சொட்ட நனைந்து, வெறுங்கையை நீட்டியபடி நின்றார்.

"எங்க போனா?"

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே வரிசையின் தலைக்குப் போய், வாட்ச்மேனிடமிருந்து மறுபடியும் தேடத் தொடங்கினார்.

அக்கா மக்கைக் கீழே வைத்தாள்.

"உங்க அத்தான் கழண்டப்புறம் திரும்பித் தேடவே இல்லடி" என்றாள்.

அவர் பாதி வரிசை வருவதற்குள் அவளே அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.