மொட்டைமாடியில் ஒரு பனிக்கட்டி

சமீபத்தில் ஒரு ஞாயிறு மாலை, அஸ்தினாபுரத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் நான் தண்ணீராக நின்றேன். முழுத் தண்ணீர் அல்ல. ஒரே ஒரு மூலக்கூறு. என் உடம்புக்கு இது பெரிய சலுகை.

எல்லாம் என் மனைவி ஸ்டெல்லாவுக்காக. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பிள்ளைகளுக்காக டீச்சர் வேலையை விட்டவள். அவர்கள் வளர்ந்து வெளியூர் போய்விட்டதால் மறுபடி வேலை தேடுகிறாள். இரண்டு பள்ளிக்கூடங்களில் டெமோ கிளாஸ் எடுத்தாள். இரண்டிலும் ஒரே தீர்ப்பு — "சப்ஜெக்ட் சூப்பர் மேடம்... ஆனா பசங்க தூங்கிட்டாங்களே!"

மறுநாள் காலை தாம்பரத்தில் மூன்றாவது டெமோ. இதிலும் கோட்டை விட்டால் இனி அப்ளிகேஷனே போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் நான் பாட்டுப் பாடுவது நின்றதும் அப்படித்தான்.

கொடுக்கப்பட்ட தலைப்பு: பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது?

"போர்டுல எழுதினா தூங்கத்தான் செய்வாங்க. பசங்களையே மூலக்கூறா நிக்க வைக்கப் போறேங்க. அதுக்கு முன்னாடி யாரையாவது வெச்சு ஒரு தடவை செஞ்சு பார்க்கணும்."

யாரையாவது என்றால் யாரை? அன்று மாடியில் அசோசியேஷன் மீட்டிங். ஜமுக்காளம் விரித்து ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லா எல்லோரையும் எழுப்பி நிறுத்திவிட்டாள்.

அதில் செக்ரட்டரி ராகவன் சாரும் உண்டு, இரண்டாம் மாடி ஜெபராஜும் உண்டு. கார் பார்க்கிங் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே லிஃப்டில் போனாலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பதில்.

"உங்க ரெண்டு கையும் ஹைட்ரஜன். ரெண்டு தோளும் ஆக்சிஜன் பக்கம்," என்றாள் ஸ்டெல்லா. "ஹைட்ரஜனுக்குப் பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜன் மேல ஒரு ஈர்ப்பு. அதனால கை எப்பவும் அடுத்தவங்க தோளைத் தேடும்."

"அடுத்தவங்கன்னா... யார் தோளை?" என்று கேட்டார் ராகவன் சார், ஜாக்கிரதையாக.

முதலில் திரவ நிலை. ஒரு தோளைத் தொட வேண்டும், விட வேண்டும், நகர்ந்து வேறு தோளைத் தொட வேண்டும். இடிக்கலாம், நெருக்கலாம். தாம்பரத்தில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்கு இதற்குப் பயிற்சி வேண்டுமா என்ன? ஜமுக்காளத்தின் எல்லையைத் தாண்டாமல் பிரமாதமாகத் தளும்பினோம்.

"இப்ப குளிருது! ஐஸ் ஆகுங்க!"

உடனே எல்லோரும் நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டோம். திடப்பொருள் என்றால் கெட்டியாக நிற்க வேண்டாமா?

"தப்பு!" என்று கத்தினாள். "பிடிச்ச தோளை விடக் கூடாது. ஆனா கை நேரா நீட்டியிருக்கணும். முழங்கை மடங்கவே கூடாது."

கைகள் நீண்டன. ஆளுக்கு ஆள் இடைவெளி விழுந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ராகவன் சாரின் கை அந்தரத்தில் நின்றது. எதிரே இருந்தது ஜெபராஜின் தோள்.

"பிடிங்க சார். இல்லன்னா ஐஸ் அங்க விரிசல் விட்டுடும்," என்றாள் ஸ்டெல்லா.

ஜெபராஜ் வானத்தைப் பார்த்துக்கொண்டே தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். ராகவன் சார் பிடித்தார். அவ்வளவுதான் — கூட்டம் மொத்தமும் விரிந்தது. ஓரத்தில் நின்ற நான் ஜமுக்காளத்தைத் தாண்டி... காலடியில் ஏதோ நொறுங்கியது.

தரைத்தளத்து லோகநாயகி அக்கா, காயப்போட்ட வடாமை எடுக்க அப்போதுதான் மேலே வந்தார்.

"இன்னா சார் இது! வடாம் மேல நின்னுகினு கீறீங்க?"

"நகர முடியாதுக்கா... நான் ஐஸ்."

"இந்த வெயில்ல ஐஸா? கொயுப்பா சார்?"

ஸ்டெல்லா மன்னிப்பா கேட்டாள்? கை தட்டினாள்! "பார்த்தீங்களா அக்கா? ஆள் அதே ஆள்தான், இடம்தான் ஜாஸ்தியாச்சு. அதனாலதான் ஐஸ் தண்ணியை விட லேசு. மிதக்குது!"

"நீங்க நல்லா மெதந்தீங்க. என் வடாம் முயுகிப்போச்சு."

நான் நகராமல் யோசித்தேன். ஒற்றுமை என்றால் ஒட்டிக்கொண்டு நிற்பது என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தோம்? தண்ணீர் வேறு மாதிரி சொல்கிறது. இடித்துக்கொள்கிறவர்கள்தான் நெருக்கமாக இருக்கிறார்கள். உறுதியாகப் பிடித்துக்கொள்கிறவர்கள், நடுவே ஒரு கை நீளம் இடம் விடுகிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு இதை யாருமே சொல்லவில்லை.

கையை நீட்டியபடியே ராகவன் சார் மெதுவாகச் சொன்னார்: "உங்க கார் கண்ணாடி இறங்கியே இருக்கு."

"அப்படியா? தேங்க்ஸ் சார்," என்றார் ஜெபராஜ். வாட்ஸ்அப் இல்லாமல். நேரடியாக.

மறுநாள் மதியம் ஸ்டெல்லா வீடு திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரும் தூங்கலங்க! பிரின்சிபால் கதவுகிட்ட நின்னு பார்த்துட்டிருந்தாங்க. பசங்க ஐஸ் ஆகி விரிஞ்சதும், நிக்க இடமில்லாம அவங்க வராண்டாவுக்கே போய்ட்டாங்க."

"ஐயையோ... அப்புறம்?"

"அங்க நின்னுகிட்டே கேட்டாங்க — மேடம், எப்போ ஜாயின் பண்றீங்க?"

இப்போதெல்லாம் அவள் காலை ஏழரைக்கே கிளம்பிவிடுகிறாள். பால் காய்ச்சுவது என் பொறுப்பு. தினமும் பேப்பரில் ஒரு தலைப்பைப் படித்துவிட்டுத் திரும்புவதற்குள், பாத்திரத்தில் இருந்தது அடுப்பில் இருக்கிறது...

திரவங்களைப் பற்றி எனக்கு இன்னும் நிறைய டியூஷன் தேவை!