பம்பாய் – லண்டன்: ஆறே மணி நேரமாம்!

விமான டிக்கெட் அச்சடிக்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை மணி நேரப் பயணம் என்று ஒரு வரி போட்டால் மை தீர்ந்துவிடுமா?

போன வாரம் என் மகள் வசந்தா லண்டனுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. பக்கத்து ஊரான செவிலிமேட்டைத் தாண்டித் தனியாகப் போகாத பெண்! மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். அன்றைக்கு பம்பாயில் நாத்தனார் வீட்டில் தங்கல். மறுநாள் காலை எட்டு மணிக்கு பம்பாயில் ஏற்றம், பகல் இரண்டு மணிக்கு லண்டனில் இறக்கம். டிக்கெட்டைப் பார்த்து நானே நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஆக, ஆறு மணி நேரம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கும் இந்தக் கணக்கு வரும். ஆனால் தூரம் நாலாயிரத்து ஐந்நூறு மைலாம். வகுத்துப் பார்த்தேன். மணிக்கு எழுநூற்றைம்பது மைல்! இங்கிருந்து மெட்ராஸ் போகவே பஸ்ஸுக்கு இரண்டரை மணி ஆகிறது. அந்த வேகத்துக்கு இறக்கை தாங்குமா...? அவள் பம்பாயில் ஏறிய அன்று காலையில் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

என் மனைவி சரோஜாவின் கவலை வேறு. ஒருத்தர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. எங்கள் வீட்டிலோ இரண்டு தறி. முதல் நாளிலிருந்து சேர்ந்த நூல் துணுக்கெல்லாம் காலில் ஒட்டிக்கொண்டு கூடவே நடந்தது.

இரண்டு அடித்தது. "சேர்ந்துட்டிருப்பா. பெருக்கும்மா" என்றேன்.

"நெசமாவா?"

"டிக்கெட்டுலயே போட்டிருக்குது!"

மூலை முடுக்கு விடாமல் பெருக்கினாள்.

மூன்று மணிக்கு, தந்தி வந்ததா என்று கேட்கத் தபாலாபீஸ் போனேன். தந்தி குமாஸ்தா சிரித்தார்.

"இன்னாண்ணே, பொண்ணு இன்னும் பறந்துக்கினு இருக்குது! அது லண்டன் ரெண்டு மணி. நமக்கு அப்போ சாயங்காலம் ஏழரை."

ஏறுவதற்கு நம் கடிகாரம், இறங்குவதற்கு அவர்கள் கடிகாரம் – ஒரே சீட்டில்! புடவையின் ஒரு பாதியை முழத்திலும் மறு பாதியைக் கஜத்திலும் அளந்து கொடுத்தால் கடைக்காரர் என்னைச் சும்மா விடுவாரா?

ஆறு மணி, பதினொன்றரை மணியாயிற்று. வேகம் பாதியானதில் இறக்கைப் பயம் போய்விட்டது. துடைப்பப் பயம் பிடித்துக்கொண்டது.

விஷயத்தைச் சொன்னதும் சரோஜா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "புள்ள ஆகாசத்துல இருக்கச்சே பெருக்க வெச்சுட்டீங்களே!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா."

"ஆவாதுன்னா நீங்க ஏன் இப்படி வேர்த்துப்போய் வந்தீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எழுந்து கொல்லைக்குப் போனாள். கொட்டிய குப்பையை முறத்தில் அள்ளி வந்து, கூடத்தில் பழையபடி பரப்பினாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? "தறிக்கு அடியில இன்னும் கொஞ்சம் இருந்துச்சு" என்று இடம் காட்டினேன்.

மறுநாள் காலை தந்தி வந்தது. 'வசந்தா வந்து சேர்ந்தாள். சௌக்கியம்.'

"இப்பவாவது பெருக்கு, தாயே!" என்றேன்.

சரோஜா துடைப்பத்தைத் தொடவில்லை. தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேலே போட்டிருந்த மணியில் விரலை வைத்தாள்.

"இது எந்த ஊரு நேரம்னு மொதல்ல கேட்டுக்கினு வாங்க."