இருபது சைலன்ஸருக்குப் பொறுப்பு

காஜா முகைதீனுக்கு இரண்டு நோய். ஒன்று சர்க்கரை; அது மாத்திரையில் அடங்கிவிட்டது. இன்னொன்று, யார் என்ன கேட்டாலும் "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்வது. அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை.

மேலப்பாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். சவுதியில், தம்மாமில் பதினேழு வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவரிடம் யார் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே "பதினேழு வருஷம், ஒரு கீறல் கிடையாது" என்பது வந்துவிடும். ஸ்கூல் போர்டிலும் அதையே எழுதி வைத்திருந்தார். எனக்கு வண்ணாரப்பேட்டையில் டைல்ஸ் கடை. பெயர் இசக்கி. நானும் பாயும் பழகியது, ஒரே மாதிரிக் கார் வாங்கிய பாவத்தால்.

கார் பெயரைச் சொல்லமாட்டேன். செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆகிறது. வண்டி என்னவோ கல்லு மாதிரி ஓடும், சாமான்தான் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழு. போன வருடம் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு சைலன்ஸர் போக ஆரம்பித்தது. புன்னக்காயல்காரர் ஒருவருக்கு உப்புக்காற்றில் குழாய் அரித்து நடுரோட்டிலேயே விழுந்துவிட்டது. நான் ஸ்டார்ட் செய்தால் எதிர்க்கடை டீ மாஸ்டர் காதைப் பொத்திக்கொள்வார்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் நம் வண்டிக்கென்றே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சைலன்ஸர் செய்து தருவார்கள் என்று பாய்தான் விசாரித்துச் சொன்னார். ஒன்று இரண்டுக்கெல்லாம் அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள், இருபதாகச் சேர்த்து வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். யார் ஆள் சேர்ப்பது, யார் பணம் திரட்டுவது, யார் அவர்களோடு மல்லுக்கட்டுவது? வாய் ஓயாத குழுவில் அரை நாள் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பாய் போட்டார்: "நான் பாத்துக்கிடுதேன்." ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்களுக்கு ஒரு பாய் கிடைத்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிந்தித்தான் தெரியும். இப்போதே சொல்லாவிட்டால் நான் அவரைத் திட்டிய மாதிரி நீங்களும் திட்டுவீர்கள்.

பாயின் மனைவி ரைஹானத். கணவர் அரபு நாட்டில் இருந்த காலமெல்லாம் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோ பிடித்து அலைந்தவர். "ஆட்டோக்காரன் வார நேரந்தான் என் நேரம்" என்று சொல்லிச் சிரிப்பாராம். எப்போதோ லைசென்ஸ் எடுத்து பீரோவில் வைத்திருந்தார், கைதான் பழகவில்லை. பாய் திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. தான் நன்றாக ஓட்டிப் பழகி, பெண்களுக்குத் தானே கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தத் தெருக்களில் ஆண் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கூச்சப்படும் பெண்கள் நிறைய. பாய்க்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. ஸ்கூல் வண்டியில் பழகினால் ஊர் பார்க்கும் என்று சொந்தக் காரில் விடிகாலையில் சீவலப்பேரி ரோட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஒருநாள் ஆடு குறுக்கே வந்தது. ரைஹானத் வளைத்த வேகத்தில் வண்டி சின்னப் பாலத்துக் கட்டையில் ஏறி, வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, ஆளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் "இனிமே இதத் தொடமாட்டேன்" என்று அந்த அம்மாள் சாவியைத் தூக்கி வைத்துவிட்டார். ஒரு வாரம் கெஞ்சித்தான் பாய் அவரை மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்திருக்கிறார். "வெளிய மூச்சு விட்டுராத. இடிச்சவகிட்டயா படிக்கன்னு ஒருத்தியும் வரமாட்டா" என்று எச்சரிக்கை வேறு. டிங்கர் வெளிப்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "அடியில ஒண்ணுமில்ல பாய்" என்று சொல்லிவிட்டான். பாயும் நம்பிவிட்டார்.

இப்போது சைலன்ஸருக்கு வருவோம். பட்டறையில் ஒரு வண்டியைச் சில வாரம் நிறுத்தி, அதன் அடியில் குழாயை வளைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு ஓர் இரும்புச் சட்டம் செய்துகொள்வார்கள். பிறகு இருபதையும் அந்தச் சட்டத்தில் வைத்துத்தான் பற்றவைப்பார்கள். ஆக, யாராவது ஒருவர் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். விக்கிரமசிங்கபுரத்தில் ஜாபேஸ் என்று ஒருவர் எங்கள் குழுவில் உண்டு, மில்லில் வேலை, மில் சங்கு மாதிரியே குரல். அவர்தான் பேசி அனுப்பினார்: "பாய் வண்டியக் குடுங்க. ஒரு கீறல் கிடையாதுல்லா? நம்ம வண்டியெல்லாம் மாடு முட்டுனதும் பஸ்காரன் உரசுனதுமாத்தான் கெடக்கு." எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள்.

"என் வண்டி கிளாஸுக்கு வேணுமே" என்றார் பாய்.

"கிளாஸுக்குத்தான் ஸ்கூல் வண்டி இருக்குல்லா பாய்" என்றேன் நான். பெரிய அறிவாளி!

மனுஷன் அங்கே என்ன சொல்வார்? என் வண்டி இடிபட்டது என்றால், யார் இடித்தது என்று கேட்பார்கள். தான் என்றால் ஸ்கூல் பெயர் போகும். அவள் என்றால் அவள் ஆரம்பிக்கும் முன்பே வகுப்பு முடிந்துவிடும். அவர் எழுதுகிறார் என்று திரையில் வந்து வந்து போனது. கடைசியில் "சரி" என்று மட்டும் வந்தது.

சைலன்ஸர் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று ஸ்கூல் வாசலில் கல்யாண வீடு போலக் கூட்டம். ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் மாட்டியது ஜாபேஸ். மேட்டில் ஏறினால் குழாய் அடித்தட்டில் மோதி, வில்லுப்பாட்டுக் குடம் மாதிரி டம்டம்மென்று அடிக்கிறது என்று கத்தினார். மெக்கானிக் சரியில்லை என்று சிரித்தோம். மறுநாள் எனக்கும் அதே டம்டம். புன்னக்காயல்காரருக்கும் அதே. பாயின் வண்டி மட்டும் பூனை மாதிரி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் ஸ்கூலில் கூடிவிட்டோம். ரைஹானத் கடையநல்லூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். பட்டறைக்காரரைப் போனில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்கள்.

"நீங்க குடுத்த வண்டிக்கு அளவாத்தானுங்க செஞ்சோம். இப்ப மத்த வண்டி போட்டோ பாத்தாத்தான் தெரியுதுங்க, அது அடியில தட்டு வாங்குன வண்டின்னு. அதுக்கு மட்டுந்தான் சேருமுங்க."

எல்லார் தலையும் பாய் பக்கம் திரும்பியது.

"யாரு வே இடிச்சது?" என்றார் ஜாபேஸ்.

பாய் சொன்னார்: "நான்தான்."

எனக்கு வந்ததே கோபம்! "பொறவு என்ன எழவுக்கு வே ஒரு கீறல் கிடையாதுன்னு போர்டு எழுதி வச்சிருக்கீரு? அழிச்சுப் போடும்!" அதுவரை அவரை நான் நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அவர், "திரும்பச் செய்யிறதுக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அந்த வரியின்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. ரைஹானத் கேட்டதற்கு, எழுத்து உரிந்துபோச்சு, புதிதாக எழுதணும் என்று சமாளித்தாராம்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஊரில் சைலன்ஸர் பாய் என்று பெயர் ஆகிவிட்டது. நாலு பையன்களின் வாப்பாமார் பிள்ளைகளை வேறு ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். தொழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பு மாட்டுமுன் ஒருவர், "என்ன பாய், சத்தம் குறைஞ்சுதா?" என்பார். கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டுக்கு முன்னாலும் அதே கேள்வி. டீக்கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். ஒருநாள் தாங்க முடியாமல் குழுவை விட்டு வெளியேறினார். தேநீர் ஆறுவதற்குள் ஜாபேஸ் திரும்பச் சேர்த்துவிட்டார். "பொறுப்பு எடுத்தவரு எங்க வே ஓடுதீரு?" மறுபடி வெளியேறவில்லை. மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல், போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஆபீஸ் அறையிலேயே கிடந்தார். நானும் போகிற வருகிற நேரமெல்லாம் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் போனேன்.

இதற்கு நடுவே ரைஹானத்தின் வகுப்பு ஆரம்பித்தது. முதல் தொகுதியில் ஆறு பெண்கள். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி சித்ரலேகா.

"இடிச்ச ஆளு பொண்டாட்டிகிட்டயா படிக்கப் போற?" என்றேன்.

"போன மாசம் கேட்டுல உரசுன ஆளு பொண்டாட்டியா இருக்கேன், அது பரவால்லையாக்கும்?" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டில், தோசையைப் பிய்த்துக்கொண்டே வழக்கம்போல் பாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் இடித்துவிட்டு எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று.

சித்ரா கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு இடிச்சா? பாயா? அக்கால்லா இடிச்சாக!"

"எந்த அக்கா?"

"ரைஹானத் அக்காதான். மொத நாளே சொன்னாகளே, சாவியத் திருப்புறதுக்கு முன்னாடி. 'நான் சீவலப்பேரிப் பாலத்துக் கட்டையில வண்டிய ஏத்துனவ. ஏத்திட்டும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் எங்கனயாவது ஏத்துவீக, பயப்படாதீக'ன்னாக. அதக் கேட்ட பொறவுதான் எங்களுக்கு உசுரே வந்துச்சு."

"இத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சும்மா பாயக் கிண்டல் பண்ணுதீகன்னு நெனச்சேன். பாயும் நீங்களும் அப்படிப் பேசிக்கிடுவீங்கள்லா."

பாதித் தோசையோடு கை கழுவினேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே மேலப்பாளையம் போனேன். ஸ்கூல் வண்டியில் பெண்கள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார்கள். பாய் மட்டும் உட்கார்ந்திருந்தார். கேட்டதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சொல்லிட்டாளா?" என்றார். "எத்தன பேருகிட்ட?"

"ஆறு பேருகிட்டயும். அதுல பயந்து நின்னவ ஒருத்தியும் இல்ல. இன்னும் நாலு பேரு சேந்துருக்காகளாம்."

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் எதுக்கு வே இத்தன நாளும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"சவத்த விடுங்க பாய். இப்பவே குழுவுல போட்டு ஜாபேஸ் வாய அடைச்சிருவோம்" என்று போனை எடுத்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி. "வேண்டாம் வே. நான் பேரக் கெடுத்துக்கிட்டது அவளுக்குத் தெரியாது. பையனுவ நின்னது, ஊரு பேரு வச்சது, ஒண்ணும் தெரியாது. நம்மளால இவுக தல குனிஞ்சாகளேன்னு தெரிஞ்சா அன்னைக்கே சாவியக் கீழ வச்சிருவா. மொத தடவ எடுக்க வைக்கவே ஒரு வாரம் கெஞ்சுனேன். இன்னொரு தடவ நடக்காது."

"கோட்டி புடிச்சிருச்சா பாய் உங்களுக்கு? செய்யாத தப்புக்கு இன்னும் எத்தன நாள்?"

"இருந்துட்டுப் போகட்டும். உம்ம வீட்டுலயும் பையச் சொல்லி வையும். வகுப்புல வாயத் தெறந்துரப்போறா."

போன் அதிர்ந்தது. ஜாபேஸ்தான், புதுக் குழாய் என்றைக்கு வரும் என்று கேட்டு. பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா, என் தப்புதான், பேசுதேன்" என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் சித்ரா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "பாய் விஷயத்த அங்க ஒண்ணும் பேசலயே?" என்றேன்.

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காலையிலயே கேட்டுட்டேன். அக்காவுக்கு ஒண்ணுமே தெரியலங்க. பாய் பழிய ஏத்துக்கிட்டதச் சொன்னதும் வண்டிய ஓரமா நிறுத்தச் சொன்னாக. அழுதாக. எங்க எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு."

"பொறவு? சாவியக் கீழ வச்சுட்டாகளா?"

"அதெதுக்கு வைக்காக? மூஞ்சியத் தொடச்சுட்டு, ரிவர்ஸ் எடுன்னாக. நல்லா எடுத்தேன் நான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப இன்னைக்கே வீட்டுல பேசி முடிச்சிருவாகள்லா?"

"இல்ல. 'நானாக் கேக்கமாட்டேன் தங்கச்சி. எனக்காகப் பட்டதெல்லாம் வீணுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? அவுகளாச் சொல்லட்டும், அதுவரைக்கும் எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்'னு எங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டாக."

"பாய் செத்தாலும் சொல்லமாட்டாரு" என்றேன்.

சித்ரா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். "அதும் அக்காவுக்குத் தெரியும்" என்றாள்.