சாமிப் பானை

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த பங்கீட்டு அரிசி புழுத்துப் போயிருக்கும், சுண்ணாம்பு நாற்றம் வேறு. ஆனாலும் மந்தின் பட்டணம் வரைக்கும் பல அடுப்புகள் அதை நம்பித்தான் எரிந்தன. அவன் அச்சடித்த நோட்டை யாரும் சீண்ட மாட்டார்கள். அரிசி போடும் நாளில் சீனக் கிழவர் கீரையோடு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வருவார். பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து மலாய்க்கார அக்கா ஆட்டுப்பால் கொண்டுவருவார். விலையாக ஆளுக்கு ஒரு குவளை அரிசி வாங்கிப் போவார்கள்.

அந்தப் பால்தான் என் தம்பிக்கு உயிர். அம்மாவுக்குப் பால் வற்றிப் போயிருந்தது.

"நீ சயாமுக்குப் போனாலும் வீட்டுக்கு அரிசி நிக்காதுலா" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னதை நம்பி, அப்பா ரயில் பாதை போடப் போனார். கொஞ்ச நாள் அரிசி வந்தது. பிறகு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். வேலை செய்கிறவர்களைத்தான் சயாமுக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்களே! கீரைக்காரர் வருவது நின்றது. பால்கார அக்காவும் வரவில்லை.

எங்கள் வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி எடுத்து, மாரியம்மன் கோயிலுக்கென்று மூலையிலிருந்த பானையில் போட்டு வந்திருந்தார்.

"அதைக் கொடுத்துப் பால் வாங்கும்மா" என்று கெஞ்சினேன்.

"சாமிக்கு எடுத்து வச்சதத் தொடக்கூடாது. ஒங்கப்பா திரும்பி வரணும்ல."

மரவள்ளிக்கிழங்கைத் தின்றோம். தம்பிக்கும் அதையே கரைத்துப் புகட்டினோம். கைகால் வீங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

கடைசியில் ஒரு நாள் காலையில் தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தை மடியில் போட்டுவிட்டு, அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பால்கார அக்கா எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "கம்பிங் சூடா போத்தோங்லா" என்றார். ஆட்டை அறுத்தாகிவிட்டது. தோட்டத்து அரிசி நின்றபின் அவர் பிள்ளைகளுக்கும் தின்ன ஒன்றுமில்லை. பேசும்போது அவர் கண் பானையை விட்டு நகரவில்லை. அம்மா இரண்டு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

நாங்கள் வருவதற்குள் தம்பி அடங்கிவிட்டான்.

பால்குடி மறக்காத பிள்ளைக்கு வாய்க்கரிசி போடுவது எங்களில் வழக்கமில்லை. அம்மா போட்டார். சாமிப் பானையிலிருந்து அள்ளி அள்ளி, பானை காலியாகும்வரை போட்டார். அப்பாவும் திரும்பி வரவில்லை.