சூடு இறங்கட்டும்

“அதே சட்டையத்தான் மறுபடி தேய்க்கிறீங்க.”

மனைவி சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மடித்த சட்டையைப் பிரித்துப்போட்டு, காலரிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

தெருவில் அவருக்கு மடிப்பு என்று பெயர். அவர் தேய்த்த சட்டை உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. அவர் யார் கல்யாணத்துக்கும் போனதில்லை. ஊரார் உடுப்பையெல்லாம் தேய்த்து முடிப்பதற்குள் பந்தி முடிந்திருக்கும். அவருக்கென்று இருந்தவை இரண்டு பனியன்கள்.

கடை ஒரே அறை. மேலே தகரம். விசிறி உண்டு, ஓடாது. ஓடினால் இஸ்திரிப் பெட்டி ஆறிவிடும், துணி பறக்கும். இந்த வார வெயிலில் தகரத்தில் உட்கார்ந்த காகம்கூட உடனே எழுந்துவிடுகிறது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

“மடிப்பு, மத்தியானம் யாரும் வெளிய போகாதீங்க, நிழல்லயே இருங்கன்னு ரேடியோல சொல்றாங்க. நீ நிழல்லதான இருக்க. குடுத்து வச்சவன்.”

வழக்கமாக இதற்கு ஒன்றுக்கு இரண்டாகப் பதில் வரும். இன்று மடிப்பு காலரையே தேய்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“வேர்வைகூட நின்னுருச்சு பாருங்கண்ணே,” என்றாள் மனைவி. “காலைல ஊத்திட்டு இருந்துச்சு. உடம்புக்குப் பழகிருச்சு போல.”

“கதவைச் சாத்து,” என்றார் மடிப்பு. “குளிருது.”

தையல்காரர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் மடிப்பு துணி மூட்டையின் மேல் சரிந்துவிட்டார்.

அவள் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். துணியில் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தையல்காரர் தூக்கினார். அவள் தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்ணே. பெட்டி பிடிச்ச உடம்பு. சூடு இறங்காம தண்ணி பட்டா நரம்பு இழுத்துக்கும்.”

“இது அந்தச் சூடு இல்ல தங்கச்சி.”

“அவரே சொல்லியிருக்காரு.”

சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் அவள் சோறு போட்டுவிட்டுக் காத்திருப்பாள். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கை ஆறிய பிறகுதான் கழுவுவார். தேய்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான். அவருடைய சித்தப்பாவுக்கு விரல்கள் கோணிப்போனது சூட்டுக்கையைத் தண்ணீரில் விட்டதால்தான் என்று சொல்வார். அவளும் பெட்டி பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை.

தையல்காரருக்கு அது தெரியாத தொழில். வாளியைக் கீழே வைத்தார்.

மடிப்பைத் தரையில் கிடத்தினார்கள். அவள் சட்டை மடிக்கும் அட்டையால் விசிறினாள். அட்டை அனலைத்தான் தள்ளியது. அவர் முனகியபோது குடிக்கவும் கொடுக்கவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னும் இறங்கல.”

கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிரலாம்,” என்றார் தையல்காரர்.

“அங்க போனா எடுத்ததும் தண்ணியத்தான் ஊத்துவாங்க. கொஞ்சம் இறங்கட்டும்ணே.”

அவருடைய கைகால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தன.

“பாத்தீங்களா,” என்றாள் அவள். “தண்ணி படாமலே இழுக்குது. பட்டிருந்தா?”

தையல்காரர் அவளைக் கேட்காமல் வாளியை மடிப்பின் தலையில் கவிழ்த்தார். ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் அக்குளில் ஐஸ் கட்டிகளை வைத்துக்கொண்டே கேட்டாள்: “விழுந்ததும் தண்ணி ஊத்துனீங்களா?”

மனைவி தையல்காரரைப் பார்த்தாள்.

“ஊத்துனோம்,” என்றார் அவர்.

“நல்லது. பல பேர் அதைச் செய்றதில்ல. அதுலதான் ஆளே போயிடுது.”

மனைவி சுவரோடு உட்கார்ந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். உடலைக் கொடுக்க நண்பகல் ஆயிற்று. அவருடைய தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். வெயில் தாழ்ந்து எடுக்கலாம் என்றார் ஒருவர். உடல் தாங்காது என்று அப்போதே எடுத்தார்கள். கூட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். தையல்காரர் திரும்பி வந்து கடையைத் திறந்து, துணி கேட்டு வந்தவர்களுக்குத் தேய்க்காமலே எடுத்துக் கொடுத்தார். சிலர் மடிப்பு அண்ணனுக்கு என்ன என்று கேட்டார்கள். சொன்னார். அவள் வீட்டில் தம்பி மனைவியின் பக்கத்தில் படுத்திருந்தாள். சாயங்காலம் மின்சாரம் போயிற்று; அவள் தலைக்கு மேல் ஓடிய விசிறி நின்றது.