நான் விட்ட மான்

ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மகள் தீபா கைத்தொலைபேசியை நீட்டினாள். வகுப்புத் தோழன் தான் சுட்ட மானோடு நிற்கிற படம். பக்கத்து நாடான சுவீடனில் வேலியடைத்த காட்டில் சிறுவர்களுக்கு வேட்டை பழக்குகிறார்களாம்.

"என்னையும் கூப்பிட்டவை, அப்பா. போகட்டே? மான் தப்பேலாதாம்."

படத்திலிருந்த கம்பிவேலி என்னை வன்னிக்குக் கொண்டுபோனது. எனக்குப் பத்து வயது. மாட்டுப்பட்டிக்குள் ஒரு மானை அடைத்துவிட்டு, சுருட்டு மணக்க மணக்கச் சித்தப்பா என் கையில் துவக்கைத் தந்தார்.

"சுடடா. அது எங்கை ஓடப்போகுது?"

இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சுட்டேன். ஈயக்குண்டு பட்டி வாசலின் படலையைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தது. திறந்த படலையால் மான் அவசரமில்லாமல் நடந்து போனது.

"பாவம் எண்டு விட்டனான்" என்றேன் சித்தப்பாவிடம். முப்பது வருடமாக வீட்டிலும் அதே புளுகுதான்.

"உங்களை மாதிரி நானும் பாவம் பார்த்து விட்டிடுவன்" என்றாள் தீபா.

இனி மறைக்க முடியவில்லை. "நான் விடேல்லை, பிள்ளை. குறி தவறிப் படலை திறந்தது."

அவள் சிரிக்கவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, வேலி நெடுகத் தேடினாள்.

"இதிலை படலையே இல்லையே, அப்பா."